நிறைந்த கோயில்களும் வெறுமையான கோயில்களும்

ஞாயிறு காலை ஜேர்மன் மொழிப் பூசைக்குப் போனால் இருபதோ முப்பதோ நரைத்த தலைகள் தெரியும். அதே கோயிலில் பிற்பகல் தமிழ்ப் பூசை என்றால் வாகனம் நிறுத்த இடம் கிடைக்காது. குழந்தை வண்டில்கள் வாசலை மறித்து நிற்கும். கனடாவிலும் பிரான்சிலும் நோர்வேயிலும் உள்ள எம்மவர்களும் ஏறத்தாழ இதே காட்சியைத்தான் சொல்வார்கள். "வெள்ளைக்காரருக்கு விசுவாசம் போய்விட்டது, எங்களிடம்தான் மிஞ்சி இருக்கிறது" என்று பூசை முடிந்து வாசலில் நின்று பேசிக்கொள்வதும் எங்களுக்குப் பழகிவிட்டது.

வரலாறு அந்தப் பேச்சை ஒத்துக்கொள்வதாக இல்லை. இன்று வெறுமையாகக் கிடக்கும் இந்தக் கோயில்களை, அந்த நரைத்த தலைகளின் தாய் தகப்பன்மார் எங்களைவிட இறுக்கமாக நிறைத்து வைத்திருந்தார்கள். ஒரு தலைமுறைக்குள், சில இடங்களில் பதினைந்தே ஆண்டுகளுக்குள், அது கலைந்தது. எப்படிக் கலைந்தது என்று தெரிந்துகொள்வது எங்கள் பிள்ளைகளைப் பற்றி யோசிப்பதற்கும் உதவும்.

உலகக் கணக்கில் பார்த்தால் கத்தோலிக்கத் திருச்சபை சுருங்கவில்லை. 2023ஆம் ஆண்டு முடிவில் கத்தோலிக்கர் தொகை 140 கோடியைத் தாண்டியிருந்தது. ஆபிரிக்காவில் மட்டும் 28 கோடி; 1900இல் அங்கே இருந்தவர்கள் சில மில்லியன் பேர்தான். ஒரு பக்கம் வற்றுகிறது, இன்னொரு பக்கம் பெருகுகிறது. இதை 'மேற்கு நாடுகள் வசதியாகிவிட்டன, வசதி வந்தால் கடவுள் தேவையில்லை' என்று விளக்குவோர் பலர். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் தென்கொரியா வசதியாகிக்கொண்டிருந்த காலத்திலேயே அங்கு திருச்சபை வளர்ந்தது. ஆகவே வசதியை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது.

அயர்லாந்திலிருந்து தொடங்குவோம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பிரித்தானிய ஆட்சி அங்கே கத்தோலிக்கருக்கு எதிராகச் சட்டத்துக்குமேல் சட்டம் போட்டது. காணி வாங்கத் தடை, பாராளுமன்றத்துக்குப் போகத் தடை, பள்ளிக்கூடம் நடத்தத் தடை. குருமார் ஒளிந்து திரிந்தார்கள். ஊருக்கு வெளியே பற்றைக் காட்டுக்குள் ஒரு பாறையைப் பீடமாக்கிப் பூசை வைத்தார்கள். 'பூசைப் பாறை' என்று அழைக்கப்படும் அந்தக் கற்கள் இன்றும் அங்குள்ள மலைச்சரிவுகளில் இருக்கின்றன. 1829இல் டானியல் ஓகொனலின் போராட்டத்தால் கத்தோலிக்கருக்குப் பாராளுமன்றம் திறந்தது. பின்னர் 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சம் வந்தது. ஐரிஷ் மொழி பெரும்பாலான வீடுகளிலிருந்து மறைந்தது. மொழி போன பிறகு, 'நாங்கள் ஆங்கிலேயர் அல்ல' என்று சொல்லிக்கொள்ள அவர்களிடம் மிஞ்சியது கோயில்தான்.

அந்தக் கோயில் எவ்வளவு நிறைந்தது என்றால், 1932இல் டப்ளினில் நடந்த நற்கருணை மாநாட்டின் இறுதிப் பூசைக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் கூடினார்கள். 1970களின் தொடக்கத்தில்கூட கத்தோலிக்கரில் 90 வீதமானோர் ஞாயிறு பூசைக்குப் போனார்கள். 1979 செப்டெம்பரில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் டப்ளின் பீனிக்ஸ் பூங்காவில் பூசை வைத்தபோது பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். நாட்டின் சனத்தொகையே அப்போது சுமார் 34 இலட்சம்தான்.

2018இல் பாப்பரசர் பிரான்சிஸ் அதே பூங்காவுக்கு வந்தபோது வந்தவர்கள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் கருக்கலைப்புத் தடையை நீக்க 66 வீதமானோர் வாக்களித்திருந்தார்கள். 2022 குடிசன மதிப்பில் தம்மைக் கத்தோலிக்கர் என்று பதிந்தவர்கள் 69 வீதம். ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் அது 79.

இடையில் நடந்தது என்ன? சிறுவர் துஷ்பிரயோகம் என்று பலரும் உடனே சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். 2009இல் வெளிவந்த ரயன் அறிக்கையும் மேர்பி அறிக்கையும் துறவற சபைகள் நடத்திய விடுதிப் பள்ளிகளிலும் டப்ளின் உயர்மறைமாவட்டத்திலும் பிள்ளைகளுக்கு நடந்ததையும், அது மூடி மறைக்கப்பட்டதையும் பக்கம் பக்கமாக எழுதி வைத்தன. திருமணமாகாமல் கருவுற்ற பெண்களும் வேறு பல பெண்களும் அடைத்து வைக்கப்பட்டுக் கூலியின்றி உடுப்புத் தோய்த்த 'மக்தலேனா' சலவைக்கூடங்களில் கடைசியானது மூடப்பட்டது 1996இல்தான். அந்தப் பெண்களிடம் அரசு மன்னிப்புக் கேட்டது 2013இல்.

ஆனால் குருமடங்களுக்கு வரும் இளைஞர் தொகை 1960களின் பின்பகுதியிலேயே குறையத் தொடங்கிவிட்டது. தொலைக்காட்சி வந்தது, 1967இல் இலவச இடைநிலைக் கல்வி வந்தது. மறைக்கப்பட்டதைக் கேள்வி கேட்கும் தலைமுறை அப்படித்தான் உருவானது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. பாறையில் பூசை வைத்த திருச்சபை சுதந்திர அயர்லாந்தில் ஆட்சியின் பங்காளி ஆகியிருந்தது. 1937 அரசியலமைப்பு அதற்குச் 'சிறப்பு நிலை' தந்தது; மணமுறிவைத் தடை செய்தது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அதன் கையில். ஆயர் ஒரு சொல் சொன்னால் அமைச்சர் நடுங்கிய காலம் அது. ஒடுக்கப்பட்டவனோடு நின்றபோது சம்பாதித்த நம்பிக்கையை, ஆளுகிற இடத்துக்குப் போனபின் செலவழித்தது. சேமிப்பு பெரியதாக இருந்ததால் முடிய நாளெடுத்தது.

கியூபெக்கின் கதை எங்களுக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. மொன்றியலில் வாழும் எம்மவர் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் முதலில் பொறுக்கி வரும் கெட்ட வார்த்தைகள் பேழை, கிண்ணம், அப்பம் என்று பூசைப் பொருட்களின் பெயர்களாக இருக்கும். வேறெந்தப் பிரெஞ்சு நாட்டிலும் இப்படித் திட்டுவதில்லை. ஒரு சமூகத்தை எது அழுத்தி வைத்திருந்ததோ அதன் பெயரால்தான் அந்தச் சமூகம் திட்டும் போலும்.

1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றியபோது பிரெஞ்சு அதிகாரிகளில் பலர் ஊருக்குத் திரும்பினார்கள்; குருமார் தங்கிவிட்டார்கள். சுற்றிலும் ஆங்கிலக் கடலுக்குள் ஒரு பிரெஞ்சுத் தீவு. பிறப்புப் பதிவு முதல் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அநாதை இல்லம் வரை எல்லாம் கோயிலோடு. மொழியைக் காப்பவன் விசுவாசத்தையும் காக்கிறான் என்பதே பிரசங்கம். 1950களில் 80 வீதத்துக்கு மேற்பட்டோர் ஞாயிறு பூசைக்குப் போனார்கள். உலகெங்கும் மறைபரப்பாளர்களை அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த அமலமரித் தியாகிகள் சபையினர் பிரான்சில் தொடங்கியவர்கள். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னதாக அவர்கள் கால்வைத்த இடம் மொன்றியல். எங்கள் குருமாரை வளர்த்த அதே சபைதான் கியூபெக்கையும் வளர்த்தது.

1960இல் ஜோன் லெசாஜின் அரசு வந்தது. ஆஸ்பத்திரிச் செலவை அரசு பொறுப்பேற்றது. 1964இல் கல்வி அமைச்சு உருவானது. 1977இல் பிரெஞ்சு மொழிச் சட்டம் வந்தது. மொழியைக் காக்கிற வேலையை அரசும் சட்டமும் எடுத்துக்கொண்டன. அதன்பின் அந்த வேலைக்காகவே கோயிலுக்கு வந்தவர்களுக்கு அங்கு வர ஒரு காரணம் குறைந்துவிட்டது. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. 'அமைதிப் புரட்சி' என்று பெயரே வைத்தார்கள். இன்று கியூபெக் நகரில் ஒரு பழைய பங்குக் கோயிலுக்குள் சர்க்கஸ் பள்ளிக்கூடம் நடக்கிறது. பீடம் இருந்த மண்டபத்தில் பிள்ளைகள் கயிற்றில் தொங்கிப் பழகுகிறார்கள். சட்டமன்றத்தில் 1936இல் மாட்டிய பாடுபட்ட சிலுவை 2019இல் கழற்றப்பட்டது.

ஒல்லாந்தை நாங்கள் வேறு காரணத்துக்காக அறிவோம். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்றார்கள். 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரர் வேடத்தில் வந்த யோசேவாஸ் அடிகளார் சில்லாலையில் ஒளிந்திருந்து இரவில் பூசை வைத்தார். மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன குடும்பங்களால்தான் மடு மடுவானது. அதே மாதாவை 2008இல் போர் மீண்டும் இடம்பெயர்த்தது. ஏப்ரலில் தேவன்பிட்டிக்குப் போய் ஓகஸ்டில் திரும்பி வந்தார். 2015 சனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் யோசேவாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்த அதே நாள் மடுவுக்கும் வந்தார்.

எங்களில் பலருக்குத் தெரியாதது, அதே காலத்தில் ஒல்லாந்தின் சொந்தக் கத்தோலிக்கர்களும் வெளிப்படையாகக் கும்பிட முடியாமல் இருந்தார்கள் என்பது. அம்ஸ்ரடாமில் ஒரு வணிகர் 1660களில் தன் வீட்டு மேல்மாடிகளை இணைத்துக் கட்டிய ஒளிப்புக் கோயில் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வீடு, படியேறினால் பீடம். 1853இல் ஆயர்கள் மீண்டும் நியமிக்கப்பட்டார்கள். அதன்பின் அவர்கள் தங்களுக்கென்று ஒரு முழு உலகத்தையே கட்டினார்கள்: கத்தோலிக்கப் பள்ளி, கத்தோலிக்கத் தொழிற்சங்கம், பத்திரிகை, வானொலி, உதைபந்தாட்டக் கழகம். ஆடு வளர்ப்போருக்கும் தனிக் கத்தோலிக்கச் சங்கம் இருந்தது என்று இன்றும் பகிடியாகச் சொல்வார்கள். 1954இல்கூட சோசலிச தொழிற்சங்கத்தில் சேர்பவருக்குத் தேவதிரவிய அனுமானங்கள் மறுக்கப்படும் என்று ஆயர்கள் கடிதம் எழுதினார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்தச் சுவர் முழுதும் சரிந்தது. கோட்டைக்குள் பிறந்த பிள்ளைகளுக்கு வெளியே எதிரி யாரும் தெரியவில்லை.

போலந்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாடே வரைபடத்தில் இல்லாத 123 ஆண்டுகளிலும், பின்னர் கம்யூனிச ஆட்சியிலும் போலந்துக்காரரின் நாடு கோயிலுக்குள் இருந்தது. 'சொலிடாரிற்றி' தொழிலாளரோடு நின்ற அருட்தந்தை பொப்பியெவுஸ்கோவை 1984இல் இரகசியப் பொலிசார் கொன்றார்கள். 1989க்குப் பிறகு அதே திருச்சபை சட்டமியற்றும் இடத்துக்கு அருகே போய் உட்கார்ந்தது. 1990 அளவில் பாதிப் பேர் ஞாயிறு பூசைக்குப் போன நாட்டில், 2021 கணக்கெடுப்பில் அது 30 வீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. அயர்லாந்தின் பாதைதான், இன்னும் வேகமாக.

இந்த வரிசையில் கொரியா வித்தியாசமானது. அங்கே மறைபரப்பாளர் யாரும் முதலில் போகவில்லை. 18ஆம் நூற்றாண்டில் கொரியப் படிப்பாளிகள் சிலர் சீனாவிலிருந்து வந்த நூல்களை வாசித்து, தங்களுக்குள் விவாதித்து, ஒருவரை பெய்ஜிங்குக்கு அனுப்பினார்கள். யி சுங்-ஹுன் என்ற அவர் 1784இல் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பி வந்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். முதல் குருவானவர் சீனாவிலிருந்து வந்து சேரும்வரை பத்து ஆண்டுகள் பொதுநிலையினரே சபையை நடத்தினார்கள். மன்னராட்சி அவர்களை வெட்டிச் சாய்த்தது; 1801, 1839, 1846, 1866 என்று நான்கு பெரும் கலாபனைகளில் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். தப்பியவர்கள் மலைக்குள் போய்ச் சட்டி பானை வனைந்து பிழைத்தார்கள். பானை விற்கப் போகும் சாட்டில் ஒரு ஊர்ச் செய்தியை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

அப்படி உயிர்விட்ட ஒருவரின் பேரன்தான் கர்தினால் கிம் சூ-ஹ்வான். 1987 யூனில், இராணுவ ஆட்சிக்கு எதிராகப் போராடிய மாணவர்கள் சியோலின் மியொங்டொங் பேராலயத்துக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களைப் பிடிக்க வருவதானால் முதலில் என்னை, பிறகு குருமாரை, பிறகு கன்னியரை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போகலாம் என்று கர்தினால் சொல்லிவிட்டார். பொலிசார் உள்ளே போகவில்லை. அந்தக் காலங்களில் வளர்ந்த கொரியத் திருச்சபை இன்று நாட்டு மக்களில் ஏறத்தாழ 11 வீதம். ஆனால் அங்கேயும் இப்போது பெயர் பதிவில் இருக்கிறது, ஆள் வாங்கில் இல்லை. கொரோனாவுக்கு முன்பே ஞாயிறு பூசைக்கு வந்தவர்கள் 20 வீதத்துக்குக் கீழே. சனநாயகம் வந்தபின் அடைக்கலம் தேடுவோர் குறைந்தார்கள். பிள்ளைகளுக்கோ ஞாயிற்றுக்கிழமையும் ரியூசன். இதை வாசிக்கும் பெற்றோர் பலர் இங்கே கொஞ்சம் சிரிப்பார்கள்.

பெருகும் பக்கத்தில் நைஜீரியாவின் இக்போ மக்களைப் பார்க்கலாம். அவர்களிடம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போனவர் அயர்லாந்துக்காரரான ஆயர் ஷானகன். கோயிலுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தைக் கட்டு என்பது அவர் வழி. 1967 முதல் 1970 வரை பயாபிரா போரில் இக்போ மக்கள் முற்றுகையிடப்பட்டுப் பட்டினியால் செத்தபோது ஐரிஷ் குருமார் பலர் வெளியேறாமல் கூட நின்றார்கள்; திருச்சபை அமைப்புகள் இரவு விமானங்களில் உணவு கொண்டுவந்து இறக்கின. முற்றுகையும் பட்டினியும் என்றால் என்ன என்று எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இன்று நைஜீரியக் கத்தோலிக்கரில் 90 வீதத்துக்கு மேற்பட்டோர் ஞாயிறு தவறாமல் போவதாக ஆய்வுகள் சொல்கின்றன. எனுகுவில் உள்ள குருமடம் உலகின் பெரிய குருமடங்களுள் ஒன்று. இப்போது நைஜீரியக் குருமார் அயர்லாந்தின் பங்குகளில் பூசை வைக்கிறார்கள்.

மக்களோடு நின்றால் போதும், கோயில் நிறையும் என்று இதை வைத்து முடிவுகட்டினால் பிரேசில் குறுக்கே வந்து நிற்கும். இலத்தீன் அமெரிக்காவில் 1968க்குப் பிறகு ஆயர்கள் பலர் ஏழைகளின் பக்கம் சாய்ந்தார்கள். எல்சல்வடோரில் பேராயர் றொமேரோ 1980இல் பீடத்திலேயே சுடப்பட்டார். ஆனாலும் பிரேசிலில் 1970இல் 92 வீதமாக இருந்த கத்தோலிக்கர் 2022 குடிசன மதிப்பில் 57 வீதத்துக்குக் கீழே போய்விட்டார்கள். நற்செய்திச் சபையினர் ஏறத்தாழ 27 வீதம். காரணம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. அமேசன் ஊர்களில் குருவானவர் வருடத்தில் ஓரிரு தடவைதான் வருவார். பெந்தகொஸ்தே போதகரோ அதே ஒழுங்கையில் குடியிருப்பவர்; குடிகாரக் கணவனைப் பற்றி இரவு பன்னிரண்டு மணிக்கும் போய்ச் சொல்லி அழலாம்.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். ஜேர்மனியில் குடியேறியபோது பதிவுக் காரியாலயத்தில் 'ரோமன் கத்தோலிக்கம்' என்று சொன்ன எல்லோருடைய சம்பளச் சீட்டிலும் கோயில் வரி வெட்டப்படும். வருமான வரியின் 8 அல்லது 9 வீதம். வெளியேறுவதாக எழுதிக் கொடுத்தால் வரி நிற்கும். திருச்சபையின் பார்வையில் தேவதிரவிய அனுமானங்களும் நிற்கும். 2022இல் மட்டும் அப்படி வெளியேறியவர்கள் 5 இலட்சத்து 22 ஆயிரம் பேர். எங்கள் பிள்ளைகளும் முதல் சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பார்க்கிறார்கள். "இது ஏன்?" என்று கேட்கும்போது வீட்டில் என்ன பதில் இருக்கிறது என்பதில்தான் விசயம் இருக்கிறது.

தமிழ்ப் பூசை எங்களுக்குச் செய்துவரும் வேலையை மறைக்காமல் சொல்வதென்றால், அது பிரெஞ்சுக்காரருக்குக் கியூபெக் கோயிலும், போலந்துக்காரருக்குப் போலந்துக் கோயிலும் செய்த அதே வேலை. ஊரில் யார் செத்தது என்று அங்கேதான் அறிகிறோம். கலியாணம் அங்கேதான் பேசுகிறோம். மே மாதத்தில் அங்கேதான் மெழுகுதிரி ஏற்றுகிறோம். பிள்ளை தமிழ் கேட்கட்டும் என்பதற்காகவே கூட்டிப் போகும் பெற்றோரும் உண்டு. இதில் குற்றமில்லை. ஆனால் தமிழுக்காக மட்டும் வந்த பிள்ளை, வேலையும் வாழ்க்கையும் ஜேர்மனிலோ பிரெஞ்சிலோ ஆனபின் ஏன் வரவேண்டும்? கியூபெக்கில் மொழி அரசின் கைக்குப் போனதால் கோயில் காலியானது. எங்களிடம் மொழியே கையைவிட்டுப் போகலாம். அப்போது மறைக்கல்வியில் மனனம் செய்த செபம் பொருள் தெரியாத ஓசையாக நிற்கும். எங்கள் ஆன்மிகப் பணியகங்கள் பிரசங்கத்தின் ஒரு பகுதியையாவது பிள்ளைகளின் மொழியில் வைக்க வேண்டும். உறுதிபூசுதல் வகுப்பில் கேள்வி கேட்கிற பிள்ளையை அதட்டாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. கொரியாவில் எல்லாம் தொடங்கியது வாசிப்பிலும் விவாதத்திலும்தான்.

அயர்லாந்திடமிருந்தும் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'சாமி சொன்னால் சரி' என்று வாய் மூடிப் பழகியவர்கள் நாங்கள். அங்கேயும் அப்படித்தான் இருந்தது. பிள்ளை சொன்னதைத் தாயே நம்பவில்லை. இந்த நாடுகளின் மறைமாவட்டங்கள் இன்று சிறுவர் பாதுகாப்பு விதிகளை எழுதி வைத்திருக்கின்றன. தமிழ்ப் பணியகங்களில் மறைக்கல்வி, பாடகர் குழு, ஒன்றுகூடல் எல்லாவற்றுக்கும் அவை பொருந்தும். பெற்றோர் அவற்றைக் கேட்டு வாங்கி வாசிப்பது எவரையும் அவமதிப்பதாகாது.

ஒவ்வொரு ஓகஸ்டிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் ஜேர்மனியின் கெவலாருக்குப் போகிறார்கள். சைவர்களும் வருகிறார்கள், மடுவில் வந்ததுபோல. அந்தச் சிறு ஊரில் யாத்திரை தொடங்கியது 1642இல். எல்லைக்கு அப்பால் ஒல்லாந்தில் வழிபாடு தடைப்பட்டிருந்த கத்தோலிக்கர்கள் ஒளிக்காமல் கும்பிடுவதற்காகக் கூட்டம் கூட்டமாக இங்கே நடந்து வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் மூதாதையரைத் துரத்திய அதே ஆட்சிக்குப் பயந்தவர்கள். இன்று அதே சிற்றாலயத்தைச் சுற்றி எங்கள் அம்மம்மாமார் தமிழில் செபமாலை சொல்கிறார்கள். பேரப்பிள்ளைகள் மெழுகுதிரிக் கடைப்பக்கம் நின்று ஜேர்மன், டொச்சு, பிரெஞ்சு என்று கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். சுற்றுப்பிரகாரம் புறப்படும்போது சிலர் வந்து சேர்ந்துகொள்கிறார்கள், சிலர் அங்கேயே நிற்கிறார்கள்.